அடிஸ் அபாபாவில் ஓர் இசை இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு வழிகாட்டி

எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்கு மூன்று முறை போன பிறகுதான் எனக்கு ஓர் இரவு ஒழுங்காக அமைந்தது. முதல்முறை போனபோது பாட்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. இரண்டாம் முறை தெருவில் சிரித்துப் பேசிய ஒருவனை நம்பிப் போய்ப் பணத்தை இழந்தேன். மூன்றாம் முறை நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்தார். அன்று கேட்ட பாட்டும் பார்த்த ஆட்டமும் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. முதல் இரண்டு அனுபவங்களும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்க்கிற நம்மவர்கள் பலர் அடிஸில்தான் விமானம் மாறுகிறார்கள். எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களிலேயே தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் பலர் பணியாற்றியிருக்கிறார்கள். ஓர் இரவு அங்கே தங்க வாய்ப்பு இருக்கிறவர்கள் விடுதி அறையில் தொலைக்காட்சி பார்த்துக் கழிக்க வேண்டியதில்லை.

அங்கே போய் எதைப் பார்ப்பது என்று கேட்டால், அஸ்மாரி என்பேன். ஒற்றைத் தந்தி கொண்ட மசிங்கோ என்ற வாத்தியத்தை வில்லால் இழைத்துக்கொண்டே, எதிரே உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடுகிறவர் அஸ்மாரி. அவர்கள் பாடுகிற இடம் அஸ்மாரி பெட். 'பெட்' என்றால் வீடு. பாட்டுக்கு நடுவே தோள்களை மட்டும் அதிரவைத்து ஆடுகிற எஸ்கிஸ்தா ஆட்டமும் இருக்கும்.

1. விமான டிக்கெட்டுக்கு முன்னால் விரத நாள்களைப் பாருங்கள்

என் முதல் பயணம் வீணானது இதனால்தான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய விரதம் இருக்கிறார்கள். அந்த நாள்களில் அஸ்மாரி வீடுகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். திறந்திருப்பவையும் களையிழந்து கிடக்கும். அவர்களுடைய ஈஸ்டர் நம்மூர்த் தேவாலயங்கள் கொண்டாடும் நாளில் எல்லா ஆண்டும் வராது. 2027-இல் அது மே 2. அப்படியானால் மார்ச் 8 முதல் விரதம். அந்த எட்டு வாரங்களை விட்டுவிடுங்கள்.

புதன், வெள்ளிக் கிழமைகளும் விரத நாள்கள்தான். அன்று இறைச்சியும் பால் பொருள்களும் உண்ணமாட்டார்கள். ஆனால் பாட்டு நிற்பதில்லை. நீங்கள் சைவமாக இருந்தால் உங்களுக்கு வெள்ளி இரவைவிட நல்ல நாள் கிடையாது. காரணத்தை ஏழாம் படியில் சொல்கிறேன். கூட்டமும் உற்சாகமும் வேண்டுமென்றால் சனிக்கிழமை.

பண்டிகைக் காலத்தில் போக விரும்பினால் செப்டம்பர் 11-இல் வரும் அவர்களுடைய புத்தாண்டு, செப்டம்பர் 27-இல் வரும் மெஸ்கெல் என்ற சிலுவைத் திருவிழா, ஜனவரி 7-இல் வரும் கிறிஸ்துமஸ், ஜனவரி 19-இல் வரும் திம்கெத் என்ற ஞானஸ்நானத் திருவிழா ஆகியவற்றை ஒட்டி நாள் குறியுங்கள். லீப் ஆண்டுக் கணக்கால் சில ஆண்டுகளில் இவற்றுள் சில ஒரு நாள் தள்ளிப்போகும். அப்போது விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

2. மஞ்சள் காய்ச்சல் ஊசி

இதில் கவனம் தவறினால் துன்பம் போகும்போது வராது, திரும்பும்போது வரும். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே போய் ஓர் இரவு பாட்டுக் கேட்டுத் திரும்பினாலும், இந்தியாவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். "ஓர் இரவுதானே தங்கினேன்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தினமும் போடுவதில்லை, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கிழமையையும் முன்பதிவு முறையையும் கேட்டுக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அதன் எண்ணைத்தான் மஞ்சள் அட்டை எனப்படும் சான்றிதழில் எழுதுகிறார்கள். அரசு அங்கீகாரம் இல்லாத தனியார் மருத்துவமனை தருகிற அட்டையை விமான நிலையத்தில் ஏற்கமாட்டார்கள். முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் வயது முதிர்ந்தவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

3. விசா

சுற்றுலா விசாவுக்கு எத்தியோப்பிய அரசின் இ-விசா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புகைப்படமும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் தெளிவான நகலும் போதும். 30 நாள் விசாவுக்கு நான் 62 டாலர் கட்டினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அவை கூடுதலாகப் பணம் பிடுங்கும். அடுத்தது, விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுகிற நுழைவுத் தேதி. விசாவின் நாள்கள் அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். அதற்கு முன் உள்ளே விடமாட்டார்கள். நள்ளிரவை ஒட்டி இறங்குகிற விமானமென்றால் தேதியை இருமுறை சரிபாருங்கள்.

விசாவை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அடிஸ் நகரின் 'போலே' விமான நிலையத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்பிக் கைப்பேசியை மட்டும் நீட்டினால் வரிசையே உங்களுக்காக நிற்க நேரிடும்.

4. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். இரண்டாம் பயணத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விடுதிக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன். ஓர் இளைஞன் ஓடி வந்து கைகொடுத்தான். "என்னைத் தெரியவில்லையா? உங்கள் விடுதி உணவகத்தில்தான் வேலை செய்கிறேன்" என்றான். எனக்கு முகம் நினைவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்ல மனம் கூசியது. "இன்று பக்கத்தில் ஒரு வீட்டில் பாரம்பரிய நடன விழா. இன்று ஒருநாள் மட்டும்தான்" என்றான். போனேன். சோபா போட்ட அறை, வெள்ளை உடையில் இரண்டு பெண்கள், ஒலிபெருக்கியில் பாட்டு. நான் கேட்காமலே தேன்மதுக் குடுவைகள் மேசைக்கு வந்தன. முக்கால் மணி நேரம் கழித்து பில் வந்தது. எனக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக்கு ஆகிற தொகை. கதவருகே நான்கு பேர் நின்றிருந்தார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு விசாரித்தால், "இன்று மட்டும் விழா", "உங்கள் விடுதியில் வேலை செய்கிறேன்" ஆகிய இரண்டு வாசகங்களையும் கேட்காத வெளிநாட்டுக்காரரே இல்லை என்றார்கள். தெருவில் அழைப்பவரோடு போகாதீர்கள். பதில்கூடச் சொல்ல வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள்.

விடுதி வரவேற்பில் கேளுங்கள். அல்லது அடையாள அட்டை உள்ள சுற்றுலா வழிகாட்டியை ஊரிலிருந்தே பேசி வையுங்கள். பேசும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. "அஸ்மாரி பாடுவதை எனக்கு வரிவரியாக மொழிபெயர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். வண்டி ஓட்டிக் கூட்டிப்போய் வாசலில் இறக்கிவிட்டு, தான் வெளியே நண்பர்களோடு நிற்கிறவர் நமக்கு வேண்டாம். அவர்கள் பாடுகிற அம்ஹாரிக் மொழி தெரியாமல் அஸ்மாரி வீட்டுக்குள் போவது, வாய்பேச்சு கேட்காமல் வில்லுப்பாட்டுப் பார்ப்பதற்குச் சமம். எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் புரியாது.

மொழிபெயர்க்கச் சம்மதித்தால், பிறகு பணம் பேசுங்கள். வழிகாட்டி கூலி, வண்டி, அவருடைய சாப்பாடு மூன்றும் சேர்ந்ததா, தனித்தனியா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நான் கூலியும் வண்டியும் சேர்த்து 40 டாலருக்குப் பேசினேன். சாப்பாடு என் பொறுப்பு. விடுதி திரும்பும் வரை கூடவே இருப்பாரா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று: பழைய பயணக் கையேடுகளில் இருக்கும் முகவரிகளை நம்பிக் கிளம்பாதீர்கள். அஸ்மாரி வீடுகளுக்குப் பெயர்போன காசாஞ்சிஸ் பகுதியில் 2024-இல் நகரச் சீரமைப்புக்காக ஏராளமான பழைய கட்டடங்களை இடித்துவிட்டார்கள். எந்த வீடு இப்போது எங்கே பாடுகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

5. கையில் வைத்திருக்க வேண்டிய பணம்

இரவில் கார்டை நம்ப வேண்டாம். உள்ளூரில் எல்லோரும் டெலிபிர் என்ற கைப்பேசிச் செயலியில் கொடுக்கிறார்கள். ஓரிரு நாள் வருகிறவர்களுக்கு ரொக்கம்தான் எளிது. விமான நிலைய வங்கியிலோ ஊருக்குள் இருக்கிற வங்கியிலோ டாலரை மாற்றுங்கள். கிழியாத, மடங்காத நோட்டாக இருக்கட்டும். ரசீதை வைத்திருங்கள். தெருவில் கூடுதல் விலை தருவதாகச் சொல்கிறவர்களிடம் மாற்றுவது சட்டவிரோதம். 2024 ஜூலையில் எத்தியோப்பிய நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்ட பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. பழைய கட்டுரைகளில் இருக்கும் பிர் விலைகளைப் பொருட்படுத்தாதீர்கள்.

வங்கியில் கொஞ்சம் சிரமம் பார்க்காமல் 50, 100 பிர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 200 பிர்தான் இருப்பதில் பெரிய நோட்டு. பாடகருக்கும் ஆடுகிறவருக்கும் கொடுக்கச் சில்லறை நோட்டு இல்லாமல் போனால் இரவு முழுவதும் சங்கடம்.

உணவகப் பட்டியலில் இருக்கும் விலைக்கு மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும், பல இடங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேரும். பெரிய பண்பாட்டு உணவகங்களில் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் தனி டிக்கெட் இல்லை. சாப்பாட்டு விலையிலேயே அது அடங்கிவிடுகிறது.

6. கடிகாரக் குழப்பம்

எத்தியோப்பியாவில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறோமே, அதே எண்ணம்தான். நமக்குக் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு இரவு எட்டு அவர்களுக்கு இரவு இரண்டு.

"இரண்டு மணிக்கு வண்டி வரும்" என்று ஓட்டுநர் சொன்னதை நான் மதியம் இரண்டு என்று எடுத்துக்கொண்டு விடுதி வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அவர் பேசியபடி இரவு எட்டுக்குச் சரியாக வந்தார். நேரம் பேசும்போதெல்லாம் "ஐரோப்பிய நேரமா, ஹபெஷா நேரமா?" என்று கேட்டுவிடுங்கள். ஹபெஷா என்றால் எத்தியோப்பியர்.

அங்கே இரவு பதினொன்று என்றால் நம் உடம்புக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. பகலில் தூங்கிக்கொள்ளுங்கள். ஊர் ஏறக்குறைய 2,350 மீட்டர் உயரத்தில், ஊட்டியைவிட மேலே இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், இரவில் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. முதலில் பண்பாட்டு உணவகம்

நேராக அஸ்மாரி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அங்கே சூடு பிடிக்கவே இரவு பத்து ஆகும். ஏழு மணிக்கு, விமான நிலையத்தை ஒட்டிய 'போலே' பகுதியில் ஒரு பண்பாட்டு உணவகத்தில் உட்காருங்கள். யோத் அபிசீனியா, 2000 ஹபெஷா ஆகிய பெயர்களை எந்த ஓட்டுநரிடம் சொன்னாலும் தெரியும். ஆட்டம் பொதுவாக ஏழரை, எட்டுக்குத் தொடங்கும். மேடையைப் பார்க்கும்படியான இடத்தை வழிகாட்டி மூலம் முன்பதிவு செய்துவிடுங்கள்.

இங்கே ஒவ்வொரு இனத்தின் ஆட்டமும் அடுத்தடுத்து வரும். குராகே ஆட்டத்தில் கால்கள் தரையை உழுகிற வேகம். திக்ரேயில் முரசை நடுவில் வைத்து வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். அம்ஹாரா ஆட்டத்தில் கால் அசையாது, கழுத்தும் தோளும் மார்பும் மட்டும் துடிக்கும். ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொள்ளாமல் பார்க்க வழிகாட்டியிடம் பெயரைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

சைவர்கள் "யெட்சோம் பெயாய்நெட்டு" என்று கேளுங்கள். விரதத் தட்டு என்று பொருள். புளித்த தோசை போன்ற இஞ்சேராவின் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், கடலை மாவுக் குழம்பான ஷிரோ எல்லாம் வட்டமாக வைத்து வரும். முழுக்கத் தாவர உணவு. புதன், வெள்ளியில் எல்லா இடத்திலும் புதிதாகக் கிடைக்கும். மற்ற நாள்களில் ஷிரோவில் வெண்ணெய் இருக்கலாம். 'கிட்ஃபோ' என்பது பெரும்பாலும் பச்சை மாட்டிறைச்சி; தெரியாமல் வரவழைத்துவிடாதீர்கள். ஒரே தட்டில் எல்லோரும் வலது கையால் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருக்கிறவர் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயருகே கொண்டு வந்தால் பதறாதீர்கள். அது குர்ஷா, அன்பின் அடையாளம். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தெஜ் என்ற தேன்மது இனிப்பாக இருக்கும், அதனால் அளவு தெரியாது. குடிக்காதவர்கள் "பிர்ஸ்" கேளுங்கள். அது புளிக்காத தேன்நீர். அதே கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவையில்தான் வரும்.

8. அஸ்மாரி வீட்டுக்குள்

பெரிய மேடை, விளக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். நான் போனது நம்மூர் டீக்கடையின் இரு மடங்கு அளவுள்ள அறை. சுவரோரம் தாழ்வான முக்காலிகள். தரையில் புல் பரப்பியிருந்தார்கள். நடுவில் இடம். பாடகர் கையில் மசிங்கோ: சாய்சதுரமாகச் செய்த மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், குதிரைமயிரால் ஆன ஒற்றைத் தந்தி. அந்த ஒன்றிலிருந்து அழுகை, சிரிப்பு, கேலி எல்லாம் வருகிறது.

உள்ளே போனதும் பாடகர் வழிகாட்டியைப் பார்ப்பார். நீங்கள் யார், எந்த ஊர், என்ன வேலை என்று வழிகாட்டி காதில் சொல்வார். என்னை "ஹிந்த்" என்று அறிமுகம் செய்தார். அம்ஹாரிக்கில் இந்தியாவுக்கு அதுதான் பெயர். உடனே வில் நகர்ந்தது. பாட்டு என் முன்னால் வந்து நின்றது. கூடத்தில் சிரிப்பு வெடித்தது. வழிகாட்டி என் காதில் சொன்னார்: "என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஹிந்த்காரர். கூட்டலும் கழித்தலும் அவரிடம்தான் படித்தேன். இன்று எனக்கு எவ்வளவு என்று இவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை." அந்த வரி புரிந்த நொடியில் நான் அங்கே விருந்தாளியாகிவிட்டேன். வழிகாட்டி இல்லையென்றால் யாரோ சிரிக்கிறார்கள் என்று உட்கார்ந்திருப்பேன்.

வெளியே ஒரு பொருள், உள்ளே ஒரு பொருள் வைத்துப் பாடுவதை அவர்கள் 'மெழுகும் பொன்னும்' என்கிறார்கள். காளமேகத்தின் சிலேடை படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் தொப்பை, வழுக்கை, கஞ்சத்தனம் எதையும் விடமாட்டார்கள். கோபப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துப் பாடகரின் நெற்றியில் ஒட்டுவதுதான் அங்கே மறுமொழி. அதற்கு ஒவ்வொரு முறையும் 100 பிர் வைத்தேன். மொத்தத்தையும் முதல் பாட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். உங்களையே சுற்றிச் சுற்றி வருவார், மற்றவர்களைப் பற்றிய பாட்டைக் கேட்க முடியாது.

நீங்களும் ஒரு வரி கொடுக்கலாம். "தெகெபெல்!" என்றால் 'ஏற்றுக்கொள்' என்று பொருள். அப்படிச் சொல்லிவிட்டு வழிகாட்டி உங்கள் வரியை அம்ஹாரிக்கில் சொன்னால், பாடகர் அதை அப்படியே இசையில் ஏற்றித் திருப்பிப் பாடுவார். ஊரிலிருந்தே ஒரு வரியை யோசித்துக்கொண்டு போங்கள். நண்பரைக் கேலி செய்யும் வரி நன்றாக எடுபடும். அரசியல், இனம், மதம் வேண்டவே வேண்டாம்.

ஆடுகிற பெண் உங்கள் முன்னால் வந்து தோளைக் குலுக்கினால் அது அழைப்பு. எழுந்து நில்லுங்கள். கால்களை மறந்துவிடுங்கள், இரு தோள்களையும் மேலும் கீழும், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அசைத்தால் போதும். தப்பாக ஆடினாலும் கைதட்டுவார்கள், ஆடாமல் உட்கார்ந்தால்தான் வருத்தப்படுவார்கள். அவரைத் தொடாதீர்கள். ஆட்டம் என்பது அழைப்பு, அதற்கு மேல் வேறு பொருள் கிடையாது.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். குடுவைகளை வழிகாட்டியிடம் எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் உடனே பணம் கொடுத்துவிட்டால் கடைசியில் சச்சரவு இல்லை.

9. திரும்பும்போது

நள்ளிரவுக்குள் கிளம்பிவிடுங்கள். விடுதி பக்கத்துத் தெருவில் இருந்தாலும் நடக்க வேண்டாம். வழிகாட்டியின் வண்டியிலோ, ரைட் அல்லது ஃபெரெஸ் செயலியில் அழைத்த டாக்ஸியிலோ போங்கள். அதற்கு உள்ளூர் சிம் வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி எத்தியோ டெலிகாமிலோ சஃபாரிகாமிலோ பகலிலேயே வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போங்கள்.

வழிகாட்டிக்குப் பேசிய கூலியை விடுதி வாசலில் கொடுங்கள், மொழிபெயர்த்ததற்கு மேலே கொஞ்சம் சேர்த்து. பிறகு படுக்கப் போவதற்கு முன், உங்களைப் பற்றிப் பாடிய வரிகளை அவரையே உங்கள் கைப்பேசியில் ஒருமுறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் செய்யவில்லை. எனக்குக் கணக்கு வாத்தியார் வரி மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அதன்பின் ஏழெட்டு வரிகள் வந்தன.